நீத்த செயல்முறை: யுனிக்ஸ் இயங்குதளத்து ஒரு சொல்லின் வரலாறும் பொருளும்

1. முன்னுரை

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்குமிடத்தே அமைந்த காரைக்கால், நிலப்புறமெல்லாம் தமிழ்நாட்டு மாவட்டங்களாற் சூழப்பெற்றும், ஆட்சி முறையிற் புதுச்சேரியைச் சார்ந்து நிற்பது. 1739இல் பிரெஞ்சியர் கைப்பட்ட இவ்வூர், இடையிடையே ஆங்கிலேயர் வசப்பட்டு மீண்ட காலம் நீங்கலாக, 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அவர்தம் ஆட்சியில் இருந்தது. சட்டமுறையான மாற்றம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் நிறைவேறியது. அவ்வாட்சி விட்டுச் சென்ற எச்சங்களுள் கட்டடங்களும் தெருப்பெயர்களும் பலர் கண்ணிற் படுவன. கண்ணிற் படாது நிற்கும் ஓர் எச்சமும் உண்டு. அது பிறப்பும் மணமும் இறப்பும் குறிக்கப்பெற்ற குடியியற் பதிவேடு.

1804இல் இயற்றப்பெற்ற பிரெஞ்சுக் குடியியற் சட்டம், 1819இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளிலும் அறிவிக்கப்பெற்றது. அச்சட்டத்தின் பழைய வடிவில், ஒருவர் இறந்தார் என்னும் பதிவு இருவர் சான்றின்மேல் எழுதப்பெறும். கூடுமாயின் அவ்விருவரும் இறந்தாரின் நெருங்கிய உறவினராகவோ அயலாராகவோ இருத்தல் வேண்டும் என்பது விதி. உயிர் நீங்குதல் இயற்கை நிகழ்ச்சி. இறப்பு முறையாக முடிவுறுதல் உரியவர் வந்து நிற்பதனால் ஆவது. இவ்விரண்டும் வேறு வேறு என்னும் உண்மையை அப்பதிவேடு நன்கு காட்டுகின்றது. இறந்தாரைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் மங்கலச் சொற்களுள் ஒன்று 'தெஃபன்' என்பது.

இச்சொல்லின் ஆங்கில உடன்பிறப்பாகிய 'டிஃபங்க்ட்' என்பது, இன்று உலகெங்கும் இயங்கும் கணினிகளின் பட்டியல்களில் நாள்தோறும் தோன்றுகின்றது. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், இயங்கி முடிந்தும் பட்டியலினின்று நீங்காத செயல்முறைக்கு அஃது அடைமொழி. காரைக்கால் வட்டாரத்துத் திருவேட்டக்குடியில் உள்ள புதுச்சேரித் தேசியத் தொழில்நுட்பக் கழகம் (தொடக்கம் 2010) போன்ற கல்விக்கூடங்களிற் கணினியியல் பயிலும் மாணாக்கர், இயங்குதளப் பாடத்தின் தொடக்கத்திலேயே இதனைச் சந்திக்கின்றனர். ஆயின் இதன் இயல்பைத் தமிழில் தெளிவுற விளக்கி, இதற்கு ஏற்ற சொல் யாது என ஆராயும் முயற்சி நம்மிடையே போதிய அளவு நிகழ்ந்திலது. அக்குறையை ஓரளவு நிரப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. செயல்முறையின் பிறப்பும் இறப்பும்

வட்டில் எழுதப்பட்டுக் கிடக்கும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். அந்நிரல் நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்குங்கால் அதனைச் செயல்முறை என்கின்றோம். ஒரே நிரல் ஒரே நேரத்திற் பல செயல்முறைகளாக இயங்குதல் கூடும். ஓலையிற் கிடக்கும் கூத்து நூலும் அரங்கில் நிகழும் கூத்தும் எவ்வாறு வேறோ, அவ்வாறே நிரலும் செயல்முறையும் வேறென்க.

யுனிக்ஸில் ஒவ்வொரு செயல்முறையும் மற்றொன்றிலிருந்தே பிறக்கின்றது. 'ஃபோர்க்' என்னும் அழைப்பினால், ஒரு செயல்முறை தன்னைப் போன்ற மற்றொன்றைப் படைக்கின்றது. முன்னது தாய், பின்னது சேய். சேய் விரும்பின் 'எக்செக்' என்னும் அழைப்பினால் வேறொரு நிரலைத் தன்னுள் ஏற்றிக்கொள்ளும். கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கரு, ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் எண் வழங்கி, அவ்வெண்ணையும் தாயின் எண்ணையும் தன் பதிவேட்டிற் குறித்து வைக்கும். எல்லாவற்றிற்கும் மூத்ததாய் நிற்கும் பயனர்ச் செயல்முறை 1 என்னும் எண் பெறும். அதனை 'இனிட்' என்பது வழக்கு.

பணி முடிந்த சேய், 'எக்சிட்' என்னும் அழைப்பினால் தன் வாழ்வை முடித்துக் கொள்கின்றது. அப்பொழுதே கெர்னல் அதன் நினைவகத்தை மீட்டுக் கொள்ளும். அது திறந்து வைத்திருந்த கோப்புகளை மூடும். எஞ்சுவது பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே. அவ்வரியில் அதன் எண், அது எவ்வாறு முடிந்தது என்னும் முடிவுநிலை, அது செலவிட்ட நேரக் கணக்கு ஆகியவை இருக்கும். தாய்ச் செயல்முறை 'வெய்ட்' என்னும் அழைப்பினால் அம்முடிவுநிலையைக் கேட்டுப் பெற்ற பின்னரே அவ்வரி அழிக்கப்படும். சேய் முடிந்ததற்கும் தாய் கேட்டதற்கும் இடைப்பட்ட காலத்தில் அது நிற்கும் நிலையே, ஈண்டு நாம் ஆராயும் நிலை.

அவ்வரியை உடனே அழித்தால் என்ன என்று வினவலாம். அதற்கு இரு விடைகள் உள. தாய் அறிய வேண்டிய செய்தி அழிந்துபடும் என்பது ஒன்று. அவ்வெண் வேறொரு புதிய செயல்முறைக்கு வழங்கப்படலாம் என்பது மற்றொன்று. தன் சேய் என்று கருதித் தாய் அனுப்பும் நிறுத்தற் சைகை, அதே எண் பெற்ற அயலான்மேற் பாய்ந்துவிடும். பாட்டன் பெயரைப் பெறுதலாற் பெயரன் என்னும் முறைப்பெயர் நம் மொழியில் அமைந்தது. பெயர் வழிவழி வருவது நம்மிடையே சிறப்பு. ஆயின் முன்னவர் கணக்கு முடியாமுன் பின்னவர் அப்பெயரில் அப்பதிவேட்டில் நுழையின் குழப்பமே விளையும். எனவே இந்நிலை பிழையன்று, ஒரு காவல் என்பது முதற்கண் உணரத்தக்கது.

3. தோற்ற வரலாறு

யுனிக்ஸ், 1969இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்து முர்ரே ஹில் என்னுமிடத்துப் பெல் ஆய்வகத்தில், கென் தாம்சன், டென்னிசு ரிட்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. முதற்கண் அது பி.டி.பி. 7 என்னும் சிறு கணினியில் இயங்கியது. இத்தொடக்க காலத்தைப் பற்றி ரிட்சி பின்னாளில் எழுதிய வரலாற்றுக் கட்டுரை நமக்கு அரிய சான்றாகும். ஃபோர்க் என்னும் கருத்து பெர்க்கிலியில் உருவான முன்னை இயங்குதளம் ஒன்றினின்று பெறப்பட்டது என்றும், பி.டி.பி. 7இல் அதனை நிறைவேற்ற 27 வரிகளே போதியனவாயின என்றும் அவர் குறிக்கின்றார்.

நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது வேறொரு செய்தி. அத்தொடக்க யுனிக்ஸில் வெய்ட் என்னும் அழைப்பே இல்லை. செயல்முறைகள் தம்முள் தூது அனுப்பவும் பெறவும் இரண்டு அழைப்புகள் இருந்தன. பயனரின் கட்டளைகளை ஏற்கும் 'ஷெல்' என்னும் நிரல், ஒரு சேயைப் படைத்தபின் அதற்கு ஒரு தூது அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். சேய் அத்தூதைப் பெறுவதில்லை. பெறவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. சேய் இயங்கி முடிந்ததும், 'அப்படி ஒரு செயல்முறை இல்லை' என்னும் பிழைச் செய்தி ஷெல்லுக்குத் திரும்பும். அப்பிழையே இறப்புச் செய்தி ஆயிற்று. விடுத்த ஓலை பெறுவாரின்றி மீண்டது கண்டு, ஊரில் அவர் இல்லை என்று உணர்வது போன்றது இம்முறை.

இம்முறையில் இறந்த செயல்முறை எச்சமின்றி நீங்கியது. ஆயின் ஒரு குறை இருந்தது. சேய் தானும் தூது பெறும் அழைப்பைக் கையாண்டால், ஷெல் அனுப்பிய போலித் தூதைப் பெற்றுவிடும். உடனே ஷெல், சேய் முடிந்தது என மயங்கி அடுத்த கட்டளையைப் படிக்கத் தொடங்கும். உயிரோடிருப்பவரை இறந்தார் எனக் கொள்ளும் பிழை இது. இத்தூது முறைக்கு வேறு பயனும் மிகுதியாக இல்லாமையின், அது நீக்கப்பட்டு வெய்ட் அதன் இடத்தைப் பெற்றது. 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்ட முதற்பதிப்புக் கையேட்டில் வெய்ட் இடம்பெற்றுள்ளது.

இதிலிருந்து ஒன்று புலனாகின்றது. இறப்பை 'இல்லாமை' கொண்டு அறிவதை விடுத்து 'எச்சம்' கொண்டு அறியத் தலைப்பட்ட அன்றே, நம் ஆராய்ச்சிக்குரிய நிலை தோன்றுதற்கு இடம் உண்டாயிற்று. மயக்கத்தை நீக்க வந்த மருந்தின் உடன்விளைவு அது.

1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் மூல நிரலில் இந்நிலை 'எஸ்சோம்ப்' என்னும் குறியீட்டுடன் காணப்படுகின்றது. செயல்முறை முடிவுறுங்கால் நிகழும் இடைநிலை என்பது அதன் அருகே எழுதப்பட்ட சிறுகுறிப்பின் பொருள். அப்பதிப்பில் முடிந்த செயல்முறையின் குறிப்புகள் வட்டில் ஒரு சிறு பகுதியில் எழுதி வைக்கப்பட்டன. தாய் கேட்டபின் அப்பகுதியும் விடுவிக்கப்பட்டது. பதிவேட்டில் இருந்த இடங்களோ 50 மட்டுமே. நீங்காத ஒவ்வொரு வரியும் அந்நாளில் எத்துணைச் சுமை என்பது இதனால் விளங்கும். ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சுப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் சான் லயன்சு, இவ்வாறாம் பதிப்பிற்கு எழுதிய உரை, மாணாக்கர் பலர்க்கு இம்மூல நிரலை விளக்கிய பெருமை உடையது. நூலும் உரையும் ஒருங்கு பயிலும் நம் மரபினர்க்கு இது புதியதன்று.

4. இரு பெயர்களும் நன்னூல் வழக்கும்

இந்நிலைக்கு ஆங்கிலத்தில் இரு பெயர்கள் உள்ளன. நிரலாளர் தம்முள் வழங்குவது 'சோம்பி' என்பது. செயல்முறைகளைப் பட்டியலிடும் 'பி.எஸ்.' என்னும் கட்டளை, பயனர்க்குக் காட்டுவது 'டிஃபங்க்ட்' என்பது. ஒரே பொருளுக்கு அகத்தே ஒரு பெயரும் புறத்தே ஒரு பெயரும் அமைந்தமை சிந்திக்கத்தக்கது.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். அவ்வகைப்பாட்டை ஈண்டு பொருத்திப் பார்க்கின், சோம்பி என்பது ஒரு தொழிற்குழுவினர் தம்முள் வழங்கும் குழூஉக்குறி. டிஃபங்க்ட் என்பது மங்கலம். பின்னது, கடமையை நிறைவேற்றி முடித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. இறந்தார் என்னாது கடன் முடித்தார் என்பது அதன் கருத்து. துஞ்சினார், இயற்கை எய்தினார் என நாம் வழங்குவதை ஒத்தது இது.

சோம்பி என்னும் சொல்லின் வரலாறு துயர் நிறைந்தது. ஆப்பிரிக்க மொழி வேரினது எனக் கருதப்படும் இச்சொல், கரீபியக் கடலின் எயிட்டித் தீவில் வேரூன்றியது. 1804இல் விடுதலை பெறும்வரை அந்நாடு பிரெஞ்சியர் குடியேற்றமாய்க் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வருத்திய நிலம். அடிமைப்பட்ட மக்களின் அச்சம் அச்சொல்லில் உறைந்துள்ளது. இறந்தபின்னும் விடுதலையின்றிப் பிறர் ஏவலில் உழைக்கும் உடலே அவர்கள் கதையில் வரும் சோம்பி. 1929இல் சீபுரூக்கு எழுதிய பயண நூலும், 1932இல் வெளிவந்த திரைப்படமும் அச்சொல்லை ஆங்கில உலகிற் பரப்பின.

இனிப் பொருத்தம் நோக்குவோம். எயிட்டியின் சோம்பிக்கு உடல் உண்டு, உழைப்பு உண்டு, பெயர் இல்லை. யுனிக்ஸின் சோம்பிக்கோ உடல் இல்லை, உழைப்பு இல்லை, பெயர் மட்டுமே உண்டு. இரண்டும் ஒன்றற்கொன்று மறுதலை. இச்சொல் கேட்டு, இறந்த செயல்முறை கணினியின் ஆற்றலை உண்டு திரிகின்றது என மாணாக்கர் பலர் மயங்குவதற்கு இப்பெயரே காரணம். அது நினைவகத்தை உண்பதில்லை, கணிப்பகத்தை வருத்துவதில்லை. பதிவேட்டில் ஓரிடத்தை மட்டுமே பற்றி நிற்பது.

5. பேய் என்னலாமோ?

காரைக்காலைக் கருதுவோர்க்குப் பேய் என்னும் சொல் எளிதில் நினைவுக்கு வரும். புனிதவதியார் என்னும் காரைக்காலம்மையார், தசையுடலை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்ற வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைத்தார். அற்புதத் திருவந்தாதி முதலிய நூல்களை அருளிய அவ்வம்மையார், தம்மைக் காரைக்காற் பேய் என்றே குறித்துக்கொண்டார். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழா அவர் வரலாற்றை நினைவூட்டுகின்றது. அங்ஙனமாயின் நம் சொல் பேய்ச் செயல்முறை என அமையலாகாதோ?

அமையலாகாது என்பது எம் துணிபு. அம்மையார் பெற்ற பேய்வடிவு இறந்துபட்ட நிலையன்று. பாடியும் ஆடல் கண்டும் நின்ற வாழ்வு. அன்றியும், யுனிக்ஸில் 'டீமன்' என வேறொரு வகை உண்டு. பயனர் முன் தோன்றாது பின்னின்று இடையறாது பணிபுரியும் செயல்முறைகள் அவை. அஞ்சல் கொண்டு செல்வனவும், அச்சுப்பணி ஏற்பனவும், காலந்தவறாது கட்டளை நிறைவேற்றுவனவும் அவ்வகையின. 1960களின் தொடக்கத்தில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தார், இயற்பியலறிஞர் மாக்சுவெல்லின் சிந்தனைச் சோதனையில் வரும் ஓயாத் தொழிலாளியை நினைந்து இப்பெயரிட்டனர். பேய், பூதம் என்னும் சொற்கள் ஏவல் செய்யும் இவற்றுக்கே பெரிதும் பொருந்துவன. உயிரோடு உழைப்பதற்கும் உயிர் நீத்து நிற்பதற்கும் ஒரே சொல் வழங்கின் மாணாக்கர் இடர்ப்படுவர்.

'துஞ்சிய செயல்முறை' என்பதும் எண்ணத்தக்கது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என அரசரை அவர் இறந்த இடத்தோடு சார்த்திக் கூறிய மரபு நமக்கு உண்டு. ஆயின் துஞ்சுதல் உறங்குதலையும் குறிக்கும். யுனிக்ஸில் உறக்கம் என்பது தனியொரு நிலை. உறங்கும் செயல்முறை விழித்தெழும், இறந்தது எழாது. பட்டியலில் அவை வெவ்வேறு எழுத்துகளாற் குறிக்கப்படுகின்றன. ஆதலின் இச்சொல்லும் ஒழிக.

6. நோயும் நோய்முதலும்

சொல்லாராய்ச்சி பயன் தருவது பொருளை உணர்ந்தவிடத்தே. ஆகவே, இந்நிலை தொல்லையாக மாறுங்கால் அதனை அறிந்து தீர்க்கும் முறையை ஈண்டு கூறுவோம்.

முதலாவது, நிலையை உறுதி செய்தல். பி.எஸ். கட்டளையின் பட்டியலில் நிலை காட்டும் பத்தியில், ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தாகிய இசட் தோன்றின் அது நீத்த நிலை. டி என்னும் எழுத்துத் தோன்றின், அது வட்டு முதலியவற்றின் விடைநோக்கி இடையூறு ஏலாது உறங்கும் நிலை. இரண்டும் நிறுத்தற் சைகைக்கு இணங்காமையின், பலர் இவற்றை ஒன்றென மயங்குவர். முன்னது இறந்தமையால் கேளாதது. பின்னது உயிரிருந்தும் கேளாதது.

இரண்டாவது, காலத்தை நோக்கல். ஒரு நொடி தோன்றி மறைவது இயல்பே. தாய் கேட்கச் சிறிது தாழ்த்தது என்பதே அதன் பொருள். நெடுநேரம் நிற்பதும், எண்ணிக்கை பெருகுவதுமே நோய்க்குறி. லினக்சில் செயல்முறை எண்களின் வழக்கமான எல்லை 32,768. 64 பிட் கணினிகளில் அதனை 41,94,304 வரை உயர்த்தலாம். எல்லை எதுவாயினும், நீத்தவை அதனை நிரப்பின் புதிய செயல்முறை பிறத்தற்கு இடமிராது.

மூன்றாவது, தாயை நாடல். அதே பட்டியலில் தாயின் எண்ணையும் காணலாம். நோய் சேயில் தோன்றினும் நோய்முதல் தாயினிடத்ததே. 'கில்' கட்டளையின் 9ஆம் சைகை எத்துணை வலிதாயினும், நீத்த செயல்முறைமேல் அது செல்லாது. இறந்ததை மீண்டும் கொல்லுதல் எங்ஙனம் இயலும்? இதனை உணராது அக்கட்டளையைத் திரும்பத் திரும்ப இடுவார் செயல் வீணே.

நான்காவது, தீர்வு. சேயின் இறப்பை அறிவிக்கும் 'சிக்சைல்டு' என்னும் சைகையைத் தாய்க்கு மீண்டும் அனுப்பிப் பார்க்கலாம். அதனை ஏற்குமாறு தாய் எழுதப்பட்டிருப்பின் மட்டுமே பயன் விளையும். அன்றேல் தாயை முறையாக முடிவுறச் செய்தல் வேண்டும். தாய் முடியின், அதன் சேய்கள் 1ஆம் எண்ணுடைய இனிட்டைச் சாரும். தாயற்றவற்றை ஏற்று, அவற்றின் முடிவைக் கேட்டுப் பதிவை நீக்குதல் அம்முதற் செயல்முறையின் கடன். மக்களில்லார்க்கு ஊரார் ஈமக்கடன் ஆற்றுதல் போன்றது இது.

ஐந்தாவது, நிரலைத் திருத்தல். மேற்கூறியவை தணிப்பன, நோயைத் தீர்ப்பது நிரலில் வெய்ட் அழைப்பை முறைப்படி அமைத்தலே. ஈண்டு ஒரு நுணுக்கம் உண்டு. சேய்கள் பல ஒருங்கே முடியின், ஒரே வகைச் சைகைகள் வரிசையில் நில்லாது ஒன்றாகிவிடும். ஒரு சைகைக்கு ஒரு முறை கேட்டு அமைதல் போதாது. கேட்பதற்கு இனி எவரும் இல்லை என்னும் விடை வரும்வரை மீண்டும் மீண்டும் கேட்டல் வேண்டும். சேயின் முடிவை அறிய வேண்டாத தாய், சிக்சைல்டுச் சைகையைப் புறக்கணிப்பதாக வெளிப்பட அறிவிக்கலாம். அப்பொழுது பதிவு தானே நீங்கும். சிஸ்டம் ஐந்து எனப்படும் கிளையின் வழக்கமாய் இருந்த இம்முறை, 2001ஆம் ஆண்டுப் போசிக்ஸ் தரத்தினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

7. யாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

பழைய தமிழ் அச்சு நூல்களின் பக்கப் படங்களை எழுத்துருவாக மாற்றும் ஒரு பணியில் யாம் ஈடுபட்டிருந்த காலத்தில், கணினி நாள்தோறும் மாலையில் புதுப்பணி ஏலாது நின்றுவிடும். காலையில் அதனை அணைத்து மீண்டும் இயக்குவோம், மாலைவரை ஓடும். பட்டியலை நோக்கியபோது நீத்த செயல்முறைகள் நிரல்பட நின்றன. அவற்றை நிறுத்த முயன்று தோற்றோம். கணினியின் பழுது என்றே பல நாள் எண்ணியிருந்தோம்.

பின்னர்த் தாயை நாடியபோது உண்மை விளங்கியது. மேற்பார்வை நிரல் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு சேயைப் படைத்தது. ஒன்றன் முடிவையேனும் அது கேட்டிலது. வெய்ட் அழைப்பைச் சேர்த்ததும் தேக்கம் நீங்கியது. ஆயின் அதனினும் பெரிய செய்தி அதன்பின் வெளிப்பட்டது. முடிவுநிலைகளைப் படித்துக் குறிக்கத் தொடங்கியபோது, சில பக்கங்களை மாற்ற இயலாது சேய்கள் தோல்வியுற்று முடிந்தமை தெரியவந்தது. முன்னைய நாள்களிலும் அவ்வாறே நிகழ்ந்திருந்தது. தொகுப்பில் அப்பக்கங்கள் இல்லை. இல்லை என்பதும் எவர்க்கும் தெரியாது. சொல்லடைவில் ஒரு சொல் காணப்படாமை கண்டு, அச்சொல் அந்நூலில் வழங்கவில்லை என ஓர் ஆராய்ச்சியாளர் முடிவு கட்டியிருப்பின், அப்பிழைக்கு யாமே பொறுப்பாவோம்.

நீத்த செயல்முறைகள் ஒவ்வொரு மாலையும் அச்செய்தியைத் தாங்கியே நின்றன. கேட்பாரின்றி நின்ற சான்றுகள் அவை. யாமோ அவற்றைத் தொல்லை எனக் கருதிக் கணினியை அணைத்து, சான்றையும் உடன் அழித்தோம். சைகையைப் புறக்கணிக்குமாறு எழுதியிருப்பினும் பட்டியல் தூயதாயிருக்கும். இழப்பு மட்டும் அவ்வாறே இருந்திருக்கும். பட்டியலின் தூய்மை வேறு, பணியின் நிறைவு வேறு என்னும் பாடத்தை அன்று கற்றோம்.

8. அண்மைக் கால வளர்ச்சி

1991இல் இலினசு தோர்வால்ட்சு தொடங்கிய லினக்சு, இப்பதிவேட்டு முறையைப் பெரும்பாலும் அவ்வாறே ஏற்றது. 2012இல் வெளிவந்த அதன் 3.4ஆம் பதிப்பு, இனிட் அல்லாத ஒரு செயல்முறையும் தன் வழித்தோன்றல்களுள் தாயற்றவற்றை ஏற்றுக்கொள்ள வழி வகுத்தது. குலமுதல்வன் கடனைக் கிளைத்தலைவனும் ஏற்கலாம் என்பது இதன் கருத்து.

2013இல் அறிமுகமான டாக்கர் முதலிய கொள்கலன் முறைகள் பழைய நோயைப் புதிய இடத்தில் தோற்றுவித்தன. ஒவ்வொரு கொள்கலனுக்குள்ளும் தனிப் பதிவேடு உண்டு. ஆண்டு 1ஆம் எண் பெறுவது பெரும்பாலும் ஒரு பயன்பாட்டு நிரலே. முதற் செயல்முறைக்குரிய கடனை அது கற்றிலது. ஆதலின் தாயற்றவை நீத்தபின் கேட்பாரின்றிக் குவியும். இதனைத் தீர்க்கச் சிறியதோர் இனிட் நிரலை உள்ளே வைக்கும் வசதி, 2017இல் வெளியான டாக்கர் 1.13ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. முதன்மை எண் பெறுதல் எளிது, முதன்மைக்குரிய கடன் அறிதல் அரிது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இந்நிலைக்கு 'நீத்த செயல்முறை' என்னும் தொடரே தக்கது என முடிவு செய்கின்றோம். நீத்தார் என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் உடையது. உடைமையைத் துறந்தாரையும் அது குறிக்கும். உயிர் துறந்தாரையும் குறிக்கும். யுனிக்ஸில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. முடிந்த செயல்முறை தன் நினைவகத்தையும் கோப்புகளையும் துறக்கின்றது, இயக்கத்தையும் துறக்கின்றது. எஞ்சுவது பெயரும் முடிவுச் செய்தியும் மட்டுமே. எதையும் பற்றி நில்லாமை அச்சொல்லிலேயே விளங்குதலின், அது கணினியின் ஆற்றலை உண்கின்றது என்னும் மயக்கத்திற்கு இடமில்லை. நீத்தார் கடன் என்னும் தொடரும் நம்மிடையே வழங்குவதால், கடன் எஞ்சியுள்ளார் பிறர் ஒருவர் உளர் என்னும் குறிப்பும் உடன் பெறப்படும். சோம்பி, டிஃபங்க்ட் என்னும் இரண்டாலும் பெறப்படாத சிறப்பு இது.

காரைக்காற் பதிவேட்டை முதற்கண் சுட்டினோம். அவ்வுவமை முழுதும் பொருந்துவதன்று. ஆண்டு உரியவர் வந்து சொல்லப் பதிவு எழுதப்படுகின்றது. ஈண்டு உரியவர் வந்து கேட்கப் பதிவு நீக்கப்படுகின்றது. ஒரு பதிவேடு நிலைத்தற்கு எழுதப்பெற்றது. மற்றொன்று நீங்குதற்கு எழுதப்பெற்றது. எனினும் இரண்டிற்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. ஒருவர் முடிவு, உரியவர் அதனை அறிந்து ஏற்றவிடத்தே நிறைவு பெறுகின்றது. பட்டியலில் நீத்த செயல்முறையைக் காணும் மாணாக்கர், அதனை நீக்குவது எவ்வாறு என வினவுதற்கு முன், அது யார்க்குச் சொல்ல எதனைத் தாங்கி நிற்கின்றது என வினவுவாராக.